ஃபாரின் கீயா, ட்ரிகரா: தாய்-சேய் உறவை யாரிடம் ஒப்படைப்பது?

ஆர்டர் டேபிளில் வாடிக்கையாளர் எண் 42 என்று ஒரு ரோ இருக்கிறது. வாடிக்கையாளர் டேபிளில் தேடினால் 42 இல்லை. இரண்டு டேபிளையும் ஜாயின் செய்யும் குவெரியில் அந்த ஆர்டர் காணாமல் போகும். ஜாயின் செய்யாத குவெரியில் திரும்ப வந்து நிற்கும். ஒரே மாதத்துக்கு இரண்டு அறிக்கைகள் இரண்டு தொகையைக் காட்டும். வாடிக்கையாளர் டேபிள் தாய், ஆர்டர் டேபிள் சேய். தாயில்லாத இப்படிப்பட்ட அனாதை ரோ உருவாகாமல் காப்பதற்குத்தான் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி என்று பெயர். டேட்டாபேஸுக்குள்ளேயே அதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. உறவை ஃபாரின் கீயாக (சேயில் உள்ள எண் தாயில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியாக) அறிவித்துவிட்டுப் பொறுப்பை டேட்டாபேஸிடம் விட்டுவிடலாம். அல்லது ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓடிச் சரிபார்க்கும் ட்ரிகரை நாமே எழுதலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபாரின் கீயால் சொல்ல முடிகிற உறவு எதுவானாலும் ஃபாரின் கீதான். சொல்ல முடியாது என்று தோன்றினால், டேபிள் அமைப்பைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் பிறகு மிஞ்சுவதற்கு மட்டுமே ட்ரிகர். எது எழுத எளிது, எது வேகம் என்பதெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். வேறொரு டிரான்சாக்ஷனில் (ஒன்றாக நிறைவேற வேண்டிய மாற்றங்களின் தொகுப்பில்) இன்னும் கமிட் ஆகாத, அதாவது உறுதியாகாத, மாற்றத்தோடு மோதும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஒரே ஆள் ஒரே கனெக்ஷனில் சோதித்துப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். அதனால்தான் தவறான தேர்வு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கிறது.

ட்ரிகர் பழக்கம் வந்த வழி

எட்கர் காட் 1970-ல் ரிலேஷனல் மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே ஃபாரின் கீ என்ற சொல் இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் மென்பொருள்கள் அதை அமல்படுத்த நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. ஆரக்கிள் 6 ஃபாரின் கீ வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளும், அமல்படுத்தாது. 1992-ல் வந்த ஆரக்கிள் 7-இல்தான் அது உண்மையாக வேலை செய்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் 1995-ன் 6.0 பதிப்பு வரை ட்ரிகர்தான் வழி. தாய் ரோவை அழித்தால் சேய் ரோக்களையும் சேர்த்து அழிக்கும் கேஸ்கேட் டிலீட் 2000 பதிப்பில்தான் வந்தது. போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீ வந்தது 2000-ன் 7.0 பதிப்பில். எஸ்க்யூலைட் 2009-ன் 3.6.19 வரை ஃபாரின் கீயைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தது. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் மைஐஎஸ்ஏஎம் எஞ்சின் இன்றும் அப்படித்தான். ஃபாரின் கீயை அமல்படுத்தும் இன்னோடிபி அதன் இயல்பு எஞ்சினாக மாறியது 2010-ன் 5.5 பதிப்பில்.

ஆக, பழைய அமைப்புகளில் உறவுகள் எல்லாம் ட்ரிகரில் இருப்பதைப் பார்த்தால், எழுதியவரைக் குறை சொல்வதற்கு முன் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்ப்பது நியாயம். இன்று புதிதாக அப்படி எழுதுவதற்குத்தான் காரணம் கேட்க வேண்டும்.

மோதல் நடக்கும் இடம்

ட்ரிகர் வழியில் பெரும்பாலும் இரண்டு சோதனைகள் எழுதப்படும். சேய் டேபிளான ஆர்டரில் புது ரோ வரும்போது, தாய் டேபிளில் அந்த வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று ஒரு செலக்ட். வாடிக்கையாளரை அழிக்கும்போது, அவர் பெயரில் ஆர்டர் இருக்கிறதா என்று இன்னொரு செலக்ட். படிக்கும்போது ஓட்டையே இல்லாததுபோல இருக்கும். இரண்டு கனெக்ஷன்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், ஐசொலேஷன் அளவு (ஒரு டிரான்சாக்ஷன் மற்றவற்றின் மாற்றங்களை எவ்வளவு காணலாம் என்ற அமைப்பு) இயல்பான ரீட் கமிட்டட், அதாவது கமிட் ஆனவை மட்டும் தெரியும்.

1. முதல் கனெக்ஷன்: பிகின். வாடிக்கையாளர் 42-க்கு ஓர் ஆர்டர் இன்சர்ட். ட்ரிகர் ஓடுகிறது, 42 இருக்கிறார், அனுமதி. இன்னும் கமிட் இல்லை.
2. இரண்டாம் கனெக்ஷன்: பிகின். வாடிக்கையாளர் 42-ஐ டிலீட். ட்ரிகர் ஓடி ஆர்டர் டேபிளில் தேடுகிறது. முதல் கனெக்ஷனின் ஆர்டர் கமிட் ஆகாததால் கண்ணில் படவில்லை. அனுமதி.
3. முதல் கனெக்ஷன் கமிட்.
4. இரண்டாம் கனெக்ஷன் கமிட்.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 42 இல்லை, அவருடைய ஆர்டர் இருக்கிறது. இரண்டு ட்ரிகர்களும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தும் அனாதை ரோ பிறந்துவிட்டது. முதலாவது செலக்ட் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. பார்த்த ரோவைக் கையில் பிடித்து வைக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

ஃபாரின் கீ இதே இடத்தில் என்ன செய்கிறது? போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீயே உள்ளுக்குள் ட்ரிகராகத்தான் ஓடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஓர் உறவுக்கு நான்கு ட்ரிகர்கள்: சேய் பக்கம் இன்சர்ட்டுக்கும் அப்டேட்டுக்கும், தாய் பக்கம் டிலீட்டுக்கும் அப்டேட்டுக்கும். ஆனால் சேய் பக்கச் சோதனை வெறும் செலக்ட் அல்ல, செலக்ட் ஃபார் கீ ஷேர். தாய் ரோவின் மீது ஒரு மெல்லிய பூட்டு விழும். வாடிக்கையாளரின் முகவரியை வேறொருவர் மாற்றலாம். கீயை மாற்றவோ ரோவை அழிக்கவோ முடியாது. இரண்டாம் கனெக்ஷனின் டிலீட், முதலாவது முடியும்வரை காத்து நிற்கும், முடிந்ததும் ஆர்டர் கண்ணில் படும், பிழை வரும். இந்த மெல்லிய பூட்டு 2013-ன் 9.3 பதிப்பில் வந்தது. அதற்கு முன் ஃபார் ஷேர் இருந்தது. அது முகவரி மாற்றத்தைக்கூட நிறுத்திவைக்கும்.

அப்படியென்றால் நம் ட்ரிகரிலும் ஃபார் கீ ஷேர் சேர்த்துவிட்டால் போதாதா? ரீட் கமிட்டட் அளவில் போதும், இரண்டு நிபந்தனைகளோடு. தாய் பக்கச் சோதனை அழிக்கப்படும் ரோ பூட்டப்பட்ட பிறகு ஓட வேண்டும். போஸ்ட்கிரெஸில் ரோ அளவிலான பிஃபோர் டிலீட் ட்ரிகர் ரோவைப் பூட்டிய பின்தான் ஓடுகிறது, எனவே அது சரி. இரண்டாவது, ட்ரிகர் ஃபங்ஷன் வாலடைல் ஆக இருக்க வேண்டும். வேகம் கூடும் என்று யாராவது அதை ஸ்டேபிள் என்று குறித்துவிட்டால், உள்ளே ஓடும் செலக்ட் புதிய ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் படம்) எடுக்காது. டிலீட் தொடங்கிய நேரத்துப் பழைய படத்தையே பார்க்கும். ஓட்டை மீண்டும் திறந்துவிடும்.

ரிப்பீட்டபிள் ரீட் அளவில் பூட்டும் காப்பாற்றாது. இரண்டாம் கனெக்ஷனின் ஸ்னாப்ஷாட் டிரான்சாக்ஷனின் முதல் குவெரியிலேயே நிலைத்துவிடுகிறது. அது காத்திருந்து, முதலாவது கமிட் ஆன பிறகு தொடர்ந்தாலும், அந்த ஆர்டர் அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தாய் ரோ பூட்டப்பட்டது மட்டும்தான், மாற்றப்படவில்லை. ஆகவே, மோதிய மாற்றத்தை நிராகரிக்கும் சீரியலைசேஷன் பிழையும் வராது. போஸ்ட்கிரெஸின் சொந்த ஃபாரின் கீச் சோதனைக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சலுகை உண்டு: டிரான்சாக்ஷனின் ஸ்னாப்ஷாட்டைத் தாண்டி, இந்தக் கணத்து நிலையையும் அது பார்க்கிறது. நாம் எழுதும் ட்ரிகருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. வேண்டுமானால் சேய் ட்ரிகரில் தாய் ரோவை ஒப்புக்கு ஓர் அப்டேட் செய்து, எதிராளிக்குப் பிழை வரவழைக்கலாம். விலை: ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் ரோவின் ஒரு புதிய பிரதி, ஒரே வாடிக்கையாளருக்கான ஆர்டர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில். எல்லா டிரான்சாக்ஷன்களையும், ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோல் முடிவு தரும் சீரியலைசபிள் அளவில் ஓட்டினாலும் ஓட்டை அடையும்; அதில் ஒரேயொரு பழைய நிரல் ரீட் கமிட்டட்டில் ஓடினாலும் அந்த உறுதி போய்விடும்.

மற்ற டேட்டாபேஸ்களில் விவரம் மாறும், கதை மாறாது. இன்னோடிபியின் இயல்பு அளவே ரிப்பீட்டபிள் ரீட். வெறும் செலக்ட் பழைய ஸ்னாப்ஷாட்டைப் படிக்கும். ஆனால் அங்கே பூட்டுடன் கூடிய செலக்ட் எப்போதும் புதிய நிலையைப் படிக்கும் என்பதால், இரு பக்க ட்ரிகரிலும் ஃபார் ஷேர் போட்டால் காரியம் நடக்கும். 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் அதன் பெயர் லாக் இன் ஷேர் மோட். ஆரக்கிளில் ரோ அளவில் பகிர்வுப் பூட்டே கிடையாது, ஃபார் அப்டேட் மட்டும்தான். ஒரு தாய்க்கு ஒரு நேரத்தில் ஒரே இன்சர்ட் என்றாகிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வர்தான் இதில் மிக நயமாக ஏமாற்றுவது. அதன் பழைய ரீட் கமிட்டட் முறையில், கமிட் ஆகாத ரோவைப் படிக்கப் போனால் காத்திருக்க வேண்டும். எனவே எளிய ட்ரிகர்கூட அங்கே சரியாகவே ஓடும், இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து முட்டி நிற்கும் சில டெட்லாக்குகளைத் தவிர. பல ஆண்டு கழித்து யாரோ ஒருவர், படிக்கும் குவெரிகள் முடங்குகின்றன என்று ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் அமைப்பை இயக்குவார். மிக நல்ல அமைப்புதான். அசூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ட்ரிகரின் செலக்ட் காத்திருக்காது, பழைய படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லும். ட்ரிகரில் ஓர் எழுத்துகூட மாறாமல் அதன் காவல் போய்விடுகிறது. அதைத் தடுக்க ட்ரிகருக்குள் இருக்கும் ஒவ்வொரு சோதனைக் குவெரிக்கும் ரீட்கமிட்டட்லாக் என்ற ஹின்ட் தேவை. ஃபாரின் கீக்கு இந்தக் கவலையே இல்லை.

விட்டுப்போகும் மற்ற ஓட்டைகள்

மோதலை விட்டுவிட்டாலும் ட்ரிகரில் கவனிக்க வேண்டியவை நிறைய. முதலில் நிகழ்வுகளின் எண்ணிக்கை. சேய் இன்சர்ட், தாய் டிலீட் இரண்டும் எல்லோருக்கும் நினைவு வரும். இருக்கும் ஆர்டரின் வாடிக்கையாளர் எண்ணை அப்டேட் செய்வதும், வாடிக்கையாளரின் கீயையே மாற்றுவதும் மறந்துபோகும். டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் ட்ரன்கேட் ஐந்தாவது. டிலீட்டுக்காக எழுதிய ட்ரிகர் ட்ரன்கேட்டுக்கு ஓடாது. தாய் டேபிள் ஒரே நொடியில் காலியாகிவிடும். ஃபாரின் கீ இருந்தால் போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், இன்னோடிபி எல்லாமே அந்த ட்ரன்கேட்டை மறுக்கும்.

எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரிகர் ஒவ்வொரு ரோவுக்கும் தனியாக ஓடுவதில்லை, வாக்கியத்துக்கு ஒருமுறைதான். வந்த ரோக்கள் எல்லாம் இன்சர்ட்டட் என்ற தற்காலிக டேபிளில் இருக்கும். அதிலிருந்து வாடிக்கையாளர் எண்ணை ஒரு மாறியில் வாங்கிச் சோதிப்பவர்கள், 500 ரோக்கள் கொண்ட ஓர் இன்சர்ட்டில் ஏதோ ஒரு ரோவை மட்டுமே சோதிக்கிறார்கள். மற்ற 499 ரோக்கள் கேட்பாரற்று உள்ளே போகும். சோதனை எப்போதும் அந்தத் தற்காலிக டேபிள் முழுவதையும் தாய் டேபிளோடு ஒப்பிடும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் குவெரியாகத்தான் இருக்க வேண்டும். ஆரக்கிளில் சிக்கல் வேறு வகை: ரோ அளவு ட்ரிகர் தன் சொந்த டேபிளைப் படிக்கப் போனால் ஓஆர்ஏ-04091 பிழை. ஊழியருக்கு மேலாளர் அதே டேபிளில் இருக்கும் உறவுகளில் இது முதல் நாளே முட்டும்.

உரிமைகள் இன்னொரு பொறி. போஸ்ட்கிரெஸின் ஃபாரின் கீச் சோதனை, யார் எந்த ரோவைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் ரோ லெவல் செக்யூரிட்டியைத் தாண்டிப் பார்க்கும். நம் ட்ரிகரோ இன்சர்ட் செய்பவரின் உரிமையில் ஓடும். தாய் ரோ அவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டிருந்தால், இருக்கும் வாடிக்கையாளரை இல்லை என்று சொல்லும். எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து, இருக்கும் ஆர்டரை இல்லை என்று சொல்லி டிலீட்டை அனுமதிக்கும். ஃபங்ஷனை அதன் உரிமையாளரின் உரிமையில் ஓடும் செக்யூரிட்டி டிஃபைனர் ஆக்கி, அதற்குள் டேபிள் பெயர்களைத் தேடும் இடங்களைச் சொல்லும் சர்ச் பாத்தையும் நிலையாகக் குறிப்பதுதான் தீர்வு.

ட்ரிகரை உருவாக்கும்போது ஏற்கெனவே கிடக்கும் ரோக்களை யாரும் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபாரின் கீயைச் சேர்க்கும்போது, நாமாக வேண்டாம் என்று சொல்லாதவரை, பழைய டேட்டா முழுவதும் சோதிக்கப்படும். மேலும் அறிவித்த உறவை, குவெரியை ஓட்டத் திட்டம் போடும் ஆப்டிமைசரும் படிக்கிறது. போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் ஜாயின் எத்தனை ரோ தரும் என்று கணிக்க ஃபாரின் கீயைப் பயன்படுத்துகிறது. எஸ்க்யூஎல் சர்வர், நம்பகமான ஃபாரின் கீ இருந்தால், தேவையில்லாத ஜாயினைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடும். ட்ரிகருக்குள் இருக்கும் உறவு ஆப்டிமைசருக்கும் தெரியாது, டேபிள் வரைபடம் போடும் கருவிக்கும் தெரியாது, புதிதாகச் சேர்ந்த நிரலாளருக்கும் தெரியாது.

ஃபாரின் கீயிடம் எதிர்பார்க்கக் கூடாதவை

ஃபாரின் கீ போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. அதிகம் வலிப்பது ரோக்களை விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ். தாய் பக்கம் பிரைமரி கீ இருப்பதால் இன்டெக்ஸ் தானாக இருக்கும். சேய் பக்க ஃபீல்டுக்கு இன்னோடிபி மட்டும் தானே உருவாக்கிக்கொள்ளும்; போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் உருவாக்காது. ஆர்டர் டேபிளில் 1 கோடி ரோக்கள், வாடிக்கையாளர் எண்ணில் இன்டெக்ஸ் இல்லை என்றால், ஒரு வாடிக்கையாளரை அழிக்க அந்த 1 கோடியையும் படிக்க வேண்டும். 1,000 வாடிக்கையாளரை அழித்தால் போஸ்ட்கிரெஸில் 1,000 முறை. ஆரக்கிளில் அதற்கும் மேலே, சேய் டேபிள் முழுவதும் பூட்டப்பட்டு மற்றவர்களின் இன்சர்ட்டும் நிற்கும். "ஃபாரின் கீ மெதுவானது" என்ற புகாரை ஆராய்ந்தால் பாதிக்கு மேல் இந்த ஒரு இன்டெக்ஸில்தான் போய் முடியும் என்பது என் கணிப்பு. ட்ரிகர் எழுதினாலும் இதே இன்டெக்ஸ் இல்லாமல் இதே கதிதான்.

நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) அடுத்தது. சேய் ஃபீல்டு நல் ஆக இருந்தால் சோதனையே நடக்காது, அது புரிந்துகொள்ளக்கூடியது. இரண்டு ஃபீல்டு சேர்ந்த ஃபாரின் கீயில் ஒன்று மட்டும் நல் என்றாலும் சோதனை நடக்காது, மற்ற ஃபீல்டில் இல்லாத எண் இருந்தாலும் சரி. இரண்டு ஃபீல்டுக்கும் நாட் நல் போடுங்கள். அல்லது போஸ்ட்கிரெஸில் மேட்ச் ஃபுல் என்று சேருங்கள்.

கேஸ்கேட் பற்றி ஒரு வரி போதும்: சேய் என்பது தாயின் உறுப்பாக இருந்தால் மட்டும் ஆன் டிலீட் கேஸ்கேட், உதாரணமாக ஆர்டரும் அதன் பொருள் வரிகளும், மற்ற எல்லாவற்றுக்கும் மறுப்பே இயல்பாக இருக்கட்டும். ஆனால் மாற்றங்களைப் பதிவு செய்யும் ஆடிட் ட்ரிகர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் கேஸ்கேட் மூலம் அழியும் சேய் ரோக்களுக்கு டிலீட் ட்ரிகர் ஓடாது; அழிந்த தடமே ஆடிட்டில் இருக்காது. போஸ்ட்கிரெஸில் ஓடும். அதற்கு வேறோர் ஆபத்து: சேய் டேபிளின் பிஃபோர் டிலீட் ட்ரிகர் நல் திருப்பி அனுப்பினால் கேஸ்கேட் அந்த ரோவை விட்டுவிடும், ஃபாரின் கீ இருக்கும்போதே அனாதை ரோ உருவாகும்.

எஸ்க்யூஎல் சர்வரில் ஒரே சேய்க்கு இரண்டு கேஸ்கேட் பாதைகள் வந்து சேர்ந்தால் 1785 பிழையோடு ஃபாரின் கீயே உருவாகாது. அங்கே ஒரு பாதையை மறுப்பாக வைத்து, அந்தப் பக்க அழிப்பை இன்ஸ்டெட் ஆஃப் டிலீட் ட்ரிகரில் எழுதுவார்கள். ஆஃப்டர் ட்ரிகரில் எழுதினால் பயனில்லை. ஃபாரின் கீச் சோதனை அதற்கு முன்பே நடந்து டிலீட்டை நிறுத்திவிடும்.

கடைசியாக, அணைத்து வைக்கும் பொத்தான்கள். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்ஷனிலும் ஃபாரின் கீஸ் பிராக்மாவை இயக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் ஃபாரின் கீ செக்ஸ் மாறியை 0 ஆக்கி டேட்டா ஏற்றிவிட்டு மீண்டும் 1 ஆக்கினால், இடையில் வந்த ரோக்கள் சோதிக்கப்படுவதில்லை. எஸ்க்யூஎல் சர்வரின் பல்க் இன்சர்ட், சொல்லாவிட்டால் ஃபாரின் கீயையும் சோதிக்காது, ட்ரிகரையும் ஓட்டாது. அதன் பிறகு அந்த ஃபாரின் கீ நம்பகமற்றது என்று குறிக்கப்படும்; சிஸ் டாட் ஃபாரின் கீஸ் காட்சியில் அதைப் பார்க்கலாம். மீட்க எழுதும் வாக்கியத்தில் வித் செக் செக் கான்ஸ்ட்ரெயின்ட் என்று செக் இரண்டு முறை வர வேண்டும். ஒன்றை விட்டால் இயங்கும், நம்பகம் திரும்பாது. போஸ்ட்கிரெஸில் செஷன் ரெப்ளிகேஷன் ரோல் அமைப்பை ரெப்ளிகா என்று வைத்தால் ஃபாரின் கீயும் சாதாரண ட்ரிகரும் சேர்ந்தே உறங்கிவிடும்.

ட்ரிகர் தேவைப்படும் இடமும், தேவைப்படுவதுபோல் தோன்றும் இடமும்

இணைப்புக் கோப்பு டேபிள் ஒன்று. அதன் ரோ ஆர்டருக்கும் சொந்தமாகலாம், விலைப்பட்டியலுக்கும் சொந்தமாகலாம், புகாருக்கும் சொந்தமாகலாம். வகை என்று ஒரு ஃபீல்டு, எண் என்று ஒரு ஃபீல்டு வைத்து எழுதினால் ஃபாரின் கீ போட முடியாது. ட்ரிகர்தான் வழி என்று முடிவெடுப்பார்கள். அதற்குப் பதிலாக ஆர்டர் எண், விலைப்பட்டியல் எண், புகார் எண் என மூன்று ஃபீல்டுகள் வையுங்கள். மூன்றுக்கும் தனித்தனி ஃபாரின் கீ. மூன்றில் சரியாக ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு செக் கான்ஸ்ட்ரெயின்ட். போஸ்ட்கிரெஸின் num_nonnulls ஃபங்ஷன் அதை ஒரே வரியில் சொல்லிவிடும். காலி ஃபீல்டுகள் அழகாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் ட்ரிகருக்கு இங்கே வேலையே இல்லை.

ஒரு வாடிக்கையாளருக்கு அதிகபட்சம் 5 முகவரிகள் என்பது இன்னொன்று. ட்ரிகரில் எண்ணிப் பார்த்தால் மேலே கண்ட அதே மோதல் இங்கேயும் வரும்: இருவர் ஒரே நேரத்தில் எண்ணுவார்கள், இருவருக்கும் 4 தெரியும், முடிவில் 6 இருக்கும். முகவரி டேபிளில் இட எண் என்று ஒரு ஃபீல்டு சேர்த்து, 1 முதல் 5 வரை என்று செக் போட்டு, வாடிக்கையாளர் எண்ணும் இட எண்ணும் சேர்ந்து யூனிக் என்று வைத்தால் தீர்ந்தது.

இயங்கும் நிலையில் உள்ள வாடிக்கையாளருக்கு மட்டுமே ஆர்டர் என்ற விதியில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எண்ணையும் நிலையையும் சேர்த்து இரண்டு ஃபீல்டு ஃபாரின் கீ போட்டு, ஆர்டரில் நிலை எப்போதும் "இயங்கும்" என்று செக் வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஆர்டர் உள்ள வாடிக்கையாளரை ஒருபோதும் நிறுத்திவைக்க முடியாது. எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய விதியா, பதிவாகும் நேரத்தில் மட்டும் உண்மையாக இருந்தால் போதுமா என்ற கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். எப்போதும் என்றால் ஃபாரின் கீ. பதிவாகும் நேரத்தில் என்றால் ட்ரிகர், தாய் ரோவைப் பூட்டிய ட்ரிகர். பூட்டு எது என்பதிலும் கவனம் தேவை: நிலை என்பது கீ அல்ல, எனவே ஃபார் கீ ஷேர் அதன் மாற்றத்தைத் தடுக்காது, ஃபார் ஷேர் வேண்டும்.

அழிக்காமல் அழித்ததாகக் குறிக்கும் முறையிலும் ஃபாரின் கீக்கு அந்த ரோ இருப்பதாகவே தெரியும். அங்கே ட்ரிகருக்கு இடம் உண்டு. ஆனாலும் அழித்தவற்றைத் தனி ஆவண டேபிளுக்கு நகர்த்திவிட்டு அசலை உண்மையாகவே டிலீட் செய்யலாம். அந்த டிலீட்டை ஃபாரின் கீயே காவல் காக்கும்.

உண்மையிலேயே ட்ரிகருக்குரியவை என்று மிஞ்சுவன: எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டு டேட்டாபேஸ்களுக்கு இடையிலான உறவு, ஃபாரின் கீக்கு இடமே இல்லாத, இன்னோடிபியில் பார்ட்டிஷன் செய்த (பகுதிகளாகப் பிரித்த) டேபிள்கள், காலவரம்புள்ள உறவுகள். கடைசியதற்கும் போஸ்ட்கிரெஸ் 18 பீரியட் சேர்ந்த ஃபாரின் கீயைக் கொண்டுவந்துவிட்டது. தனித்தனி சர்வர்களில் கிடக்கும் டேபிள்கள் என்றால் இரண்டுமே உதவாது. இரவுதோறும் அனாதை ரோக்களைத் தேடும் ஒரு குவெரிதான் நேர்மையான ஏற்பாடு.

ட்ரிகர் எழுதியே ஆக வேண்டுமென்றால், பூட்டோடு ஒன்றைச் சேருங்கள்: பிழை எறியும்போது ஃபாரின் கீயின் பிழைக் குறியீட்டையே பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸில் அது 23503. செயலியில் ஏற்கெனவே இருக்கும் பிழை கையாளும் பகுதி அப்படியே வேலை செய்யும். பிறகு, இரண்டு கனெக்ஷன்களைத் திறந்து மேலே உள்ள நான்கு படிகளையும் கையால் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் கனெக்ஷன் காத்து நிற்காவிட்டால், பூட்டு சேரவில்லை என்று அர்த்தம்.

ட்ரிகரிலிருந்து ஃபாரின் கீக்கு மாறுவது

ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் அமைப்பை நிறுத்தாமல் மாற்றும் வரிசை இது. முதலில் சேயை லெஃப்ட் ஜாயினால் தாயோடு இணைத்து, தாய் நல் ஆக வரும், ஆனால் சேயின் ஃபீல்டு நல் ஆக இல்லாத ரோக்களை எடுங்கள். ட்ரிகர் நம்பி நடந்த டேபிளில் இவை பெரும்பாலும் சில இருக்கும். அழிக்க அவசரப்படாதீர்கள், தனி டேபிளுக்கு நகர்த்தி, வியாபாரப் பக்கத்தாரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அடுத்து இரு பக்க ஃபீல்டுகளின் வகை ஒன்றுதானா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் செய்பவர்களுக்கு அன்சைன்ட் குறியும் கொலேஷனும்கூடப் பொருந்த வேண்டும்.

பிறகு சேய் ஃபீல்டில் கன்கரண்ட்லி (மற்றவர்கள் எழுதுவதை நிறுத்தாமல்) என்று சேர்த்து இன்டெக்ஸ் உருவாக்குங்கள். இது டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது. அதன் பின் ஃபாரின் கீயை நாட் வேலிட் (பழைய ரோக்களை இப்போது சோதிக்க வேண்டாம்) என்று சேருங்கள். இதற்கு இரண்டு டேபிளிலும் எழுத்தை நிறுத்தும் பூட்டு வேண்டும், ஆனால் கண நேரம்தான். முன்னே ஏதாவது நீண்ட டிரான்சாக்ஷன் நின்றால், நம் பின்னால் மொத்த எழுத்தும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். லாக் டைம்அவுட்டை 2 நொடி என்று வைத்து, தவறினால் மீண்டும் முயல்வது பாதுகாப்பு. இந்த நிமிடத்திலிருந்து புது ரோக்களுக்குச் சோதனை தொடங்கிவிடும். தனி டிரான்சாக்ஷனில் வேலிடேட் கான்ஸ்ட்ரெயின்ட் ஓட்டுங்கள். பழைய ரோக்களை அது நிதானமாகப் படிக்கும், இன்சர்ட்டும் அப்டேட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

ட்ரிகரை எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய ட்ரிகர் வெறும் சோதனை மட்டும் என்றால் இரண்டும் சேர்ந்து சில நாள் ஓடலாம். அது ஆஃப்டர் டிலீட்டில் சேய்களை அழிக்கும் ட்ரிகர் என்றால், மறுப்பு வகை ஃபாரின் கீ சேர்ந்த அடுத்த நொடியே டிலீட்டுகள் தோற்கத் தொடங்கும். ஒரே நிகழ்வுக்கான ட்ரிகர்களை போஸ்ட்கிரெஸ் பெயரின் அகர வரிசையில் ஓட்டுகிறது. ஃபாரின் கீயின் உள் ட்ரிகர் பெயர் பெரிய எழுத்து ஆர்-இல் தொடங்குகிறது. சிறிய எழுத்தில் பெயரிட்ட நம் ட்ரிகருக்கு முன்பாகவே அது ஓடி, சேய் இன்னும் இருக்கிறது என்று நிறுத்திவிடும். இத்தகைய உறவுக்கு ஃபாரின் கீயையே ஆன் டிலீட் கேஸ்கேட் என்று சேர்த்து, பழைய ட்ரிகரை அதே டிரான்சாக்ஷனில் டிராப் செய்துவிடுங்கள்.